உடுக்கைப் பாட்டுக்குப் போட்ட எக்கோவை மட்டும் தனி ட்ராக்கில் பதிவு பண்றது எப்படிங்க?

கோபி_சாளை:

வணக்கமுங்க. எங்க பெரியப்பா உடுக்கை அடிச்சு அண்ணன்மார் கதை (பொன்னர் சங்கர் கதை) படிக்கிறவருங்க. முன்னயெல்லாம் நோம்பின்னா ராத்திரி பூரா உக்காந்து படிப்பாரு. இப்ப மூச்சு ஒத்துழைக்க மாட்டேங்குது. படுகளம் பகுதியை மட்டுமாவது ஒழுங்காப் பதிவு பண்ணி வெச்சரலாம்னு சாளையில ஆசாரத்துலயே செட்டப் போட்டிருக்கறேன். ரெண்டு இன்புட் இருக்கற சின்ன இண்டர்ஃபேஸ், குரலுக்கு ஒரு கண்டென்சர் மைக், உடுக்கைக்கு ஒரு டைனமிக் மைக், 8 ஜிபி லேப்டாப். சாஃப்ட்வேர் ரீப்பர். 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் 256.

குரலும் உடுக்கையும் நல்லாவே வந்திருச்சுங்க. மூணாவதா எக்கோன்னு ஒரு ட்ராக் வெச்சு, அதுல ரீப்பர் கூடவே வர்ற ரியாடிலேங்கற எக்கோ பிளக்இன்னைப் போட்டு, குரல்ல இருந்து அதுக்கு ஒரு சென்ட் (சத்தத்தை இன்னொரு ட்ராக்குக்கும் அனுப்பற வழி) குடுத்திருக்கறேன். எல்லா வரிக்கும் எக்கோ வேண்டாம். அண்ணன்மாரோட தங்கச்சி தங்காள் அழுகற எடத்துல சில வரிக்கு மட்டும் கடைசிச் சொல்லு இழுத்துக்கிட்டே போகோணும். அதைப் பாட்டு ஓடும்போதே ஒரு மிடி குமிழியை எக்கோ ட்ராக் ஃபேடருக்கு (சத்த அளவை ஏத்தி எறக்கற நெம்புகோலு) மாட்டிக் கையிலயே ஏத்தி எறக்கறேன். மவுஸ்ல கோடு வரைஞ்சு பாத்தா அந்த ஒணத்தி வர மாட்டேங்குது.

இப்ப அந்த எக்கோவை மட்டும், கை அசைச்சது அசைச்ச மாதிரியே, தனி ஃபைலா வேணும். திருப்பூர்ல ஒரு நண்பர் ஏபிள்டன் லைவ்ல மிக்ஸ் பண்ணித் தர்றேன்னிருக்கறார். நாலாவதா ‘பிரிண்ட்’னு ஒரு ட்ராக் போட்டு, எக்கோவுல இருந்து அதுக்கு சென்ட் குடுத்து, சிவப்புப் பட்டனை அமுத்திப் பதிவு போட்டேன். எக்கோ இல்ல. நான் இருமுனதும் தோட்டத்துல மயில் கத்துனதும்தான் பதிவாயிருக்குது. அப்புறம் எங்கியோ ‘ரெக்கார்ட் அவுட்புட்’னு இருந்ததை மாத்துனேன். பதிவாகும்போது எக்கோ ரொம்ப சத்தமாக் கேக்குதேன்னு பிரிண்ட் ஃபேடரைக் கீழ எறக்கிட்டுப் போட்டேன். வெறும் கோடுதான் வந்துச்சு. ஃபேடரை ஏத்திப் போட்டா பதிவு ஆகுது, ஆனா திருப்பிக் கேட்டா சத்தம் தடிச்சுப் போயி, சில எடத்துல சொல்லு ரெட்டையா விழுகுது. மோட்டார் எரைச்சலைக் கொறைக்க எக்கோ ட்ராக்குல ரியாஃபிர் போட்டிருக்கறேன், அதனாலயான்னு தெரியல.

இதுக்குப் பேசாம ரெண்டர் (சாஃப்ட்வேரையே ஃபைலா எழுதித் தரச் சொல்றது) பண்ணிக்கலாமா, இல்ல இப்படி ட்ராக்ல இருந்து ட்ராக்குக்குப் பதியறதுதான் சரியா? யாராச்சும் சித்த சொல்லுங்க.

ஈரோடு_பீட்ஸ்:

ரெண்டர் பண்ணுனா முடிஞ்சுது ப்ரோ. இல்லாட்டி எஃப்எல் ஸ்டுடியோவுக்கு வாங்க. மிக்ஸர்ல எக்கோ ட்ராக்குலயே எடிசனைப் போட்டு அமுத்துனா அந்த எடத்துல போற சத்தத்தைப் புடிச்சுக்கும். இத்தனை கம்பி இழுக்க வேண்டியதில்ல.

மைக்செட்_காங்கயம்:

ஈரோட்டுத் தம்பி சொல்றது தப்பில்லீங்க. ஆனா வீடு கட்டிக் குடி போனவங்களை அடுத்த ஊருக்கு மாறுங்கன்னா எப்படி? ரீப்பர்லயே இது சுளுவான வேலைதான்.

கோபித் தம்பி, நான் காங்கயத்துக்குப் பக்கம் மைக்செட் வெச்சிருக்கறவன். கொழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்துல கட்டிக் காதுகுத்துக்குப் பாட்டுப் போட்ட காலத்துல தொடங்குன தொழில். இப்பக் கோயில் பாட்டு, வள்ளி கும்மி எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிஞ்சும் குடுக்கறேன். நீங்க சொன்ன மூணு கோளாறுக்கும் வேரு ஒண்ணுதானுங்க. பிரிண்ட் ட்ராக்கு சத்தத்தை எந்த எடத்துல இருந்து மொள்ளோணும்னு நீங்க இன்னும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல.

மேடை மிக்ஸர் தொட்டிருந்தீங்கன்னா இது ஒடனே புடிபடும். பாடறவருக்கு முன்னால வெக்கிற மானிட்டருக்கு ஆக்ஸை (மிக்ஸர்ல இருந்து தனியாச் சத்தம் அனுப்பற வழி) ப்ரீ-ஃபேடர்ல, அதாவது ஃபேடருக்கு முன்னால எடுப்போம். சனத்துப் பக்கம் ஃபேடரை எறக்குனாலும் பாடறவருக்கு அவரு சத்தம் கொறையக் கூடாதில்ல, அதுக்கு. எக்கோ பெட்டிக்குப் போற ஆக்ஸ் போஸ்ட்-ஃபேடர், அதாவது ஃபேடருக்குப் பின்னால. ஃபேடரை எறக்குனா எக்கோவும் கூடவே எறங்கோணும். இல்லாட்டி ஆளு மேடையை விட்டு எறங்குன பொறகும் அவரு எக்கோ மட்டும் மைக்கு முன்னால நின்னு பேசிக்கிட்டு இருக்கும். ரீப்பர் சென்டுலயும் இதேதான். ஃபேடருக்குப் பின்னால ஒரு எடம், எஃப்எக்ஸ் (ட்ராக்குல போட்ட பிளக்இன்னுக) எல்லாம் தாண்டி ஃபேடருக்கு முன்னால ஒரு எடம், எஃப்எக்ஸுக்கும் முன்னால ஒரு எடம். சென்ட் சன்னல்ல ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சின்ன மெனு இருக்கும் பாருங்க, அங்க மாத்தலாம். உங்க குரல்ல இருந்து எக்கோவுக்குப் போறது போஸ்ட்-ஃபேடராவே இருக்கட்டும்.

இனி பிரிண்ட். சிவப்புப் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணுனா ஒரு நீளமான மெனு வரும். புதுசா ஒரு ட்ராக் போட்டா அது ‘ரெக்கார்ட்: இன்புட்’லதான் இருக்கும், அதாவது மைக்கு. மயிலு வந்தது அதனாலதான். அதை ‘ரெக்கார்ட்: அவுட்புட்’ல ஸ்டீரியோவுக்கு மாத்தோணும். மாத்துனதும் அந்த ட்ராக்கு மைக்கை விட்டுட்டு, தனக்குள்ள வந்து வெளிய போற சத்தத்தைப் பதிய ஆரம்பிக்கும். எக்கோவுல இருந்து வர்ற ரிசீவ் அதுல சேந்திருக்கும்.

ஆனா எந்த எடத்துல வெச்சுப் பதியுது? சும்மா விட்டா ஃபேடருக்குப் பின்னாலதானுங்க. நீங்க ஃபேடரைக் கீழ இழுத்துட்டீங்க, அது சூனியத்தைப் பதிஞ்சுச்சு. அதே மெனுவுல அவுட்புட் பதியற எடத்தை ஃபேடருக்கு முன்னாலன்னு மாத்திக்கவும் வழி இருக்குது. நான் அதுக்குப் போறதில்ல. ஃபேடரை 0 டெசிபெல்லுலயே விட்டுட்டு, பிரிண்ட் ட்ராக்கோட ரூட்டிங் சன்னல்ல ‘மாஸ்டர் சென்ட்’ டிக்கை மட்டும் எடுத்துருவேன். அப்ப அது மாஸ்டருக்கு (எல்லா ட்ராக்கும் கலந்து வெளிய போற எடம்) போகாது, காதுல ரெண்டாக் கேக்காது, பதிவு மட்டும் நடக்கும். மூணாவது ட்ராக்கு எப்பவும் போல மாஸ்டருக்குப் போறதால கேட்டுக்கிட்டே கை அசைக்கலாம்.

தடிச்ச சத்தத்துக்குக் காரணம் இங்கதான் இருக்குது. எக்கோ ட்ராக்கு நேரா மாஸ்டருக்குப் போச்சு. அதே எக்கோ பிரிண்ட் வழியாவும் மாஸ்டருக்குப் போச்சு. பதிவு முடிஞ்சு ஓட்டுனப்ப, பதிஞ்ச துண்டும் சேந்து மூணாவதா வந்துச்சு. ஒரே சத்தம் நூல் பிசகாம ரெண்டு தடவை விழுந்தாலே 6 டெசிபெல் ஏறும். அதனால பதிவு முடிஞ்ச கையோட எக்கோ ட்ராக்கை மியூட் பண்ணுங்க, பிரிண்ட்டுக்கு வர்ற அந்த ரிசீவையும் மியூட் பண்ணுங்க, அப்புறமா மாஸ்டர் சென்ட் டிக்கைத் திருப்பிப் போடுங்க. ரிசீவை மறந்துட்டு ஸ்டெம் ரெண்டர் (ட்ராக்குக்கு ஒரு ஃபைலா எடுக்கறது) போட்டீங்கன்னா பதிஞ்ச எக்கோவும் ஓடற எக்கோவும் ஒரே ஃபைல்ல கலந்துரும். அப்பறம் பிரிக்க முடியாதுங்க.

ரியாடிலேல ‘டிரை’ நெம்புகோலு முழுசாக் கீழ இருக்குதான்னு ஒருக்காப் பாத்துக்குங்க. அது தொறந்திருந்தா பெரியப்பா குரலும் எக்கோகூடவே பிரிண்ட்ல ஏறிரும், அப்புறம் எக்கோ தனி ஃபைலுங்கற பேச்சுக்கே அர்த்தமில்ல. அந்த மிடி குமிழி பத்திச் சொல்லோணும். எக்கோ ட்ராக் ஃபேடர்ல மாட்டியிருக்கறதாச் சொல்றீங்க. அங்க எறக்குனா வால் அறுந்துரும் தம்பி. சொல்லு முடிஞ்சு எக்கோ நாலு தடவை திரும்பி வர்றதுக்குள்ள நீங்க கதவைச் சாத்தறீங்க. தங்காள் அழுகையில அந்த வால்தான் உசுரு. கையை எக்கோவுக்குப் போற பக்கம் வெக்கோணும், வர்ற பக்கம் இல்ல. எக்கோ ட்ராக்குல ரியாடிலேக்கு மேல, மொத எஃப்எக்ஸா ஜேஎஸ் வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட் பிளக்இன்னைப் போடுங்க. அதோட நெம்புகோலை ஒருக்கா அசைச்சுட்டு, மேல ‘பேராம்’ பட்டன்ல ‘லேர்ன்’ போட்டு, மிடி குமிழியைத் திருப்புங்க. ஒட்டிக்கும். இனி சொல்லு வரும்போது தொறங்க, சொல்லு முடிஞ்சதும் மூடுங்க. உள்ள போனது தானா ஓஞ்சு ஓஞ்சு போகும்.

டிலே நேரத்தைத் தாளக் கணக்குல வெக்காதீங்க. ரியாடிலேல மியூசிகல் லெங்த்தை 0 ஆக்கிட்டு, டைம் லெங்த்தை மில்லி செகண்டுல வைங்க. உடுக்கைக்காரரு கதை சூடு ஏற ஏற ஓட்டுவாரு, அழுகை வந்தா நிறுத்துவாரு. மெட்ரோனோமைக் கட்டி வெச்சா அவரு எங்கயோ இருப்பாரு, எக்கோ எங்கயோ இருக்கும். 350ல இருந்து 450க்குள்ள காதுல கேட்டுப் புடிங்க.

ரெண்டர் கேட்டீங்களே. சாதாரண ரெண்டர் பாட்டைப் படபடன்னு ஓட்டி முடிச்சுரும், உங்க கைக்கு அங்க வேலை இல்ல. அசைவை ஆட்டோமேஷனா எழுதியிருந்தா மட்டும் அது வரும். பிரிண்ட் எடுத்த பொறகு, குரல், உடுக்கை, பிரிண்ட் மூணையும் ஒரே எடத்துல இருந்து தொடங்கற மாதிரி ஸ்டெம்ஸா ரெண்டர் பண்ணுங்க. அங்கதான் ரெண்டருக்கு வேலை.

திருப்பூர்_லைவ்:

அந்தத் திருப்பூர் நண்பர் நான்தானுங்க. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே மாப்ள!

மைக்செட் அண்ணன் சொன்னதுதான் லைவ்லயும், மெனு பேரு மட்டும் வேற. புது ஆடியோ ட்ராக்ல ‘ஆடியோ ஃப்ரம்’ங்கற எடத்துல எக்கோ ட்ராக்கைத் தேர்ந்தெடுத்தா, அதுக்குக் கீழயே ப்ரீ எஃப்எக்ஸ், போஸ்ட் எஃப்எக்ஸ், போஸ்ட் மிக்ஸர்னு மூணு எடம் கேக்கும். போஸ்ட் மிக்ஸர்னா ஃபேடருக்குப் பின்னால. மானிட்டரை ‘ஆஃப்’ல வெச்சுட்டு ஆர்ம் பண்ணி (ட்ராக்கைப் பதிவுக்குத் தயாராக்கி) பதியலாம், அப்ப ரெட்டைச் சத்தம் கேக்காது. ‘ஆட்டோ’வுல விட்டா ஆர்ம் பண்ணுன ஒடனே அந்த ட்ராக் வழியாவும் சத்தம் வர ஆரம்பிச்சுரும். நெறைய பேரு ‘ரீசாம்பிளிங்’கைத் தேர்ந்தெடுத்துட்டு எக்கோ மட்டும் வரலியேங்கறாங்க. அது மாஸ்டர்ல ஓடற மொத்தத்தையும் பதியற வழி. ஒரு ட்ராக் மட்டும் வேணும்னா அதைத் தொடாதீங்க.

எனக்கு அனுப்பும்போது 48,000, 24 பிட், வேவ். எம்பி3 வேண்டாம் மாப்ள, அதுல முன்னால கொஞ்சம் வெத்தெடம் சேந்துக்கும், தொடங்கற எடமே நகந்துரும். லைவ்ல நீளமான ஃபைலை இழுத்துப் போட்டா தானே வார்ப் பண்ற அமைப்பு இருக்குது, அது ஆன்ல இருந்தா பெரியப்பாவோட உடுக்கையைத் தாளத்துக்குள்ள இழுத்துப் புடிக்கப் பாக்கும். நான் இங்க மூணு கிளிப்புக்கும் வார்ப்பை அணைச்சுக்கறேன். இதைப் படிக்கிற மத்தவங்களுக்காகச் சொன்னேன்.

பொள்ளாச்சி_ஹெட்போன்:

ரியாஃபிர் பத்தி யாரும் சொல்லாததால வர்றேங்க. கோயமுத்தூர்ல எடிட்டிங் வேலை பாக்கறேன், இந்த ரெட்டைச் சொல்லு எங்களுக்குத் தினப்படி விருந்தாளி.

ரியாஃபிர் சத்தத்தைத் துண்டு துண்டா எடுத்து அலசித்தான் வெளிய விடும், அதனால ஒரு தாமதம் கூடவே வரும். ரீப்பர் அதுக்கேத்த மாதிரி மத்த ட்ராக்குகளை நிறுத்தி வெச்சு எல்லாத்தையும் ஒண்ணாக் கேக்க வெச்சுரும், அதனால ஓடும்போது உங்களுக்குத் தெரியாது. ஆனா அவுட்புட்டைப் பதியும்போது அந்தத் தாமதத்தோடயே பதிஞ்சிருச்சுன்னா, பதிஞ்ச துண்டு டைம்லைன்ல பின்னால போய் உக்காந்துக்கும். அந்த மெனுவுல ‘ஸ்டீரியோ’வுக்குப் பக்கத்துலயே ‘லேட்டன்சி காம்பன்சேட்டட்’னு சேத்து ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க. இன்னும் நல்லது, ரியாஃபிரை எக்கோ ட்ராக்ல இருந்தே எடுத்துருங்க. மோட்டார் எரைச்சலைக் குரல் ட்ராக்குலயே சுத்தம் பண்ணி அதைப் புது டேக்கா மாத்திட்டு, அப்புறம் எக்கோவுக்கு அனுப்புங்க. எந்த பிளக்இன் எவ்வளவு தாமதம் தருதுன்னு எஃப்எக்ஸ் சன்னலோட அடியில சாம்பிள் கணக்கா எழுதியிருக்கும். உங்களுது 48,000ங்கறதால அதை 48ஆல வகுத்தா மில்லி செகண்டு.

சரியா உக்காந்திருக்குதான்னு கண்ணால பாக்க வேண்டாம், நல் டெஸ்ட் (ரெண்டு சத்தத்தை ஒண்ணை ஒண்ணு அழிக்க விட்டுப் பாக்கற சோதனை) பண்ணிப் பாருங்க. குமிழியை ஒரு எடத்துல அசையாம வெச்சுக்கிட்டு ஒரு சின்னத் துண்டு பிரிண்ட் எடுங்க. ரிசீவை மியூட் பண்ணிட்டு, எக்கோ ட்ராக்கையும் பிரிண்ட்டையும் ஒண்ணா ஓட்டி, ஒண்ணுல மட்டும் போலாரிட்டியைத் திருப்புங்க. அலை ஒண்ணை ஒண்ணு அடிச்சு மொத்தமும் அமைதியாகணும். சத்தம் மிச்சம் இருந்தா ஒண்ணு அளவு வேற, இல்ல நேரம் வேற. கையை அசைச்சு எடுத்த பிரிண்ட்டை வெச்சு இதைப் பண்ணாதீங்க, அதே அசைவு ரெண்டாம் தடவை வராது, டெஸ்ட் எப்பவும் தோக்கும். மாடுலேஷன் இருக்கற ரிவெர்ப் வெச்சிருந்தாலும் அப்படித்தான், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அது வேற வேற மாதிரி வரும். அந்த மாதிரி எஃப்எக்ஸுக்குப் பிரிண்ட் எடுத்து வெக்கிறதுதான் ஒரே வழி. புடிச்ச ஓட்டத்தைப் பதியாம விட்டா அது போனது போனதுதான்.

இன்னொரு விஷயம், நீங்க கேக்கல, ஆனா மிக்ஸ்ல வந்து இடிக்கும். பெரியப்பா உடுக்கையைக் கையில புடிச்சுக்கிட்டேதானே பாடறார்? அப்ப குரல் மைக்குல உடுக்கையும் இருக்கும், உடுக்கை மைக்குல குரலும் இருக்கும். ஒரு சத்தம் ரெண்டு மைக்குக்கும் வர்ற தூரத்துல 34 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா கிட்டத்தட்ட 1 மில்லி செகண்டு. ரெண்டையும் சம அளவுல சேத்தா 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ்னு வரிசையாப் பள்ளம் விழும், குரல் கொடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். இன்னும் பதிவு மிச்சம் இருந்தா, வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரமோ அதுக்கு மூணு மடங்காச்சும் மைக்குக்கும் மைக்குக்கும் நடுவுல விடுங்க. அப்புறம் எக்கோ ட்ராக்ல டிலேக்கு முன்னால ஒரு ஈக்யூ போட்டு 300க்குக் கீழயும் 4,000க்கு மேலயும் வெட்டிருங்க. குரலோட நடுப்பகுதி மட்டும் எக்கோவுக்குப் போகும், உடுக்கை அடி அவ்வளவாத் திரும்பி வராது.

கோபி_சாளை:

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. ஆகுதுங்க! ரியாஃபிரைக் குரலுக்கு மாத்திட்டேன், நல் டெஸ்ட்ல மீட்டர் எந்திரிக்கவே இல்ல. குமிழியை டிலேக்கு முன்னால கொண்டு வந்ததுதான் பெரிய மாத்தம். இத்தனை நாள் வாலை வெட்டிட்டு, ஃபீட்பேக்கை ஏத்தி ஏத்திப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறேன்.

பொள்ளாச்சி அக்கா சொன்ன மாதிரி உடுக்கை கூடவே வந்ததுங்க. ஈக்யூல கொஞ்சம் கொறைஞ்சுச்சு. பெரியப்பா வரி முடிச்சு ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் உடுக்கையை எடுக்கறாரு, அந்த மூச்சுக்குள்ள குமிழியை மூடிட்டா உடுக்கை உள்ளயே போகறதில்ல.

இன்னும் ரெண்டு கேள்விங்க. எக்கோ ட்ராக்ல இருந்து பிரிண்ட்டுக்கு, பிரிண்ட்ல இருந்து திருப்பி எக்கோவுக்குன்னு ஒரு சுத்து விட்டா எக்கோ நிக்காம போகுமே, செய்யலாமா? சென்ட் குடுக்கப் போனா ரீப்பர் அந்தப் பேரையே காட்ட மாட்டேங்குது. ரெண்டாவது, பெரியப்பா கேட்டுட்டு, இதையே இந்த நோம்பிக்குக் கோயில் முன்னால போடோணும்ங்கறாரு. யூட்யூபுக்குப் பண்ற மிக்ஸையே போட்டுரலாமா?

மைக்செட்_காங்கயம்:

சுத்து விடறதுக்கு ரீப்பர் சும்மா சம்மதிக்காது தம்பி. புராஜெக்ட் செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டுங்கற பக்கத்துல, ரூட்டிங்ல ஃபீட்பேக்கை அனுமதிக்கிறதுக்குன்னு ஒரு டிக் இருக்குது, அது வழக்கமா அணைஞ்சுதான் இருக்கும். அணைஞ்சே இருக்கட்டும். மேடையில மைக்கை ஸ்பீக்கர் முன்னால நீட்டுனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். இங்க ஹெட்போன் காதுல மாட்டியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்கு வேணுங்கற சுத்து ரியாடிலேக்குள்ளயே ‘ஃபீட்பேக்’ங்கற பேர்ல இருக்குது. அதை 0 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் கீழயே வெச்சுக்கிட்டு வேணுங்கற வரைக்கும் இழுங்க. அதையும் குமிழிக்கு மாட்டறதா இருந்தா எக்கோ ட்ராக்குக் கடைசியில ஒரு லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாமத் தடுக்கற பிளக்இன்) போடாமத் தொடாதீங்க.

நோம்பிக்குப் போடறது என் தொழில், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். யூட்யூப் மிக்ஸைப் போடாதீங்க. கோயில் முன்னால ஒரு பாக்ஸ், இட்டேரி முக்குல ஒரு கொழாய், பஸ் ஸ்டாப்புல ஒரு கொழாய்னுதான் கட்டுவாங்க. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். கோயில்ல இருந்து 100 மீட்டர் தள்ளி இருக்கற கொழாய்ச் சத்தம் கோயில் முன்னால நிக்கறவன் காதுக்கு வந்து சேர 290 மில்லி செகண்டு ஆயிரும். அதாவது ஊருக்குள்ள ஏற்கெனவே ஒரு டிலே கட்டித் தொங்கவிட்டாச்சு. அதுக்கு மேல உங்க 400 மில்லி செகண்டு டிலேயும் சேந்தா ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கதை என்னன்னே புரியாது. அண்ணன்மார் கதையில சனம் கேக்க வர்றது சொல்லைத்தானுங்க. இப்பத்திப் பசங்க மேடையில எக்கோவைத் தொறந்து விட்டு அம்மன் பாட்டையே அடையாளம் தெரியாமப் பண்றதைப் பாத்தா எனக்கு ஆத்தாமையா இருக்குது. அது போகட்டும்.

அதுக்குத்தான் எக்கோ தனி ட்ராக்குல வேணுங்கறது. கோயிலுக்குன்னு ஒரு மிக்ஸ் எடுங்க, அதுல பிரிண்ட்டை மொத்தமா மியூட் பண்ணுங்க. மனசு கேக்கலைன்னா யூட்யூப் மிக்ஸ்ல வெச்சதை விட 10 டெசிபெல் கீழ எறக்கி வெச்சுப் பாருங்க. அப்புறம் அந்த மிக்ஸை மோனோவா எடுத்துக் குடுங்க. கொழாய் லைன் மோனோதான், எங்கூரு ஆளுங்க பலபேரு ஸ்டீரியோ ஃபைல்ல இடது பக்கத்தை மட்டும் இழுத்துப் போட்டுருவாங்க. நீங்க குரலை நடுவுலயும் உடுக்கையை வலது பக்கமும் வெச்சிருந்தீங்கன்னா ஊரே உடுக்கை இல்லாம படுகளம் கேக்கும். மாஸ்டர்ல மோனோ பட்டனை அமுத்திக் கேட்டுட்டே அனுப்புங்க. கொழாய்ல 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் வராது, அதனால உடுக்கையோட அடிச் சத்தத்தை ஏத்தி ஏத்திப் பாக்காம விரல் விழுகற சத்தம் தெளிவா இருக்குதான்னு மட்டும் பாருங்க.

கோபி_சாளை:

சரிங்கண்ணா, ரெண்டு மிக்ஸா எடுத்துக்கறேன். மோனோவுல அமுத்திப் பாத்ததுக்கே உடுக்கை பாதி காணாமப் போச்சுங்க, நடுவுக்குக் கொண்டு வந்துட்டேன்.

திருப்பூர்_லைவ்:

அப்ப எனக்கு அந்த மூணு ஃபைலையும் உடுக்கை நடுவுக்கு மாத்தறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சோ அப்படியே அனுப்பு மாப்ள. கோயில் மிக்ஸை நீயே முடிச்சுக்க. ஃபைல் பேருல குரல், உடுக்கை, எக்கோன்னு போடு, போன தடவை மாதிரி ட்ராக் 1, ட்ராக் 2ன்னு அனுப்பாத.